பயத்துடன் ஓட்டவும்

கண்ணாடிக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதும் இல்லை. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. சட்டம் காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டு, சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகி, மறுபடியும் கேட்டு, மறுபடியும் திருகி, அந்த வேகத்தில் நாள் நகர்வது அவருக்குப் பிடித்திருந்தது.

வண்டி ஓட்டுவது அவர் மனைவி. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பவள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு அவளுக்காகக் காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள் நகரம் முழுக்க இருந்தார்கள். ரத்தக் குழாய்கள் வைத்த பெட்டி வண்டியின் முன்பக்கம், கணவர் பின்பக்கம். "ரெண்டும் குலுங்காம போய்ச் சேரணும்" என்பாள். பெட்டியைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கணவர்தான் வளைவுக்கு வளைவு வலது காலால் காலடிக் கம்பியை ஓங்கி மிதிப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பிரேக் கிடையாது என்பதை அவர் கால் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் இருவரும் தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சரிவில் ஒரு சரக்கு வேன் பின்பக்கமாகவே சந்திலிருந்து வெளியே வந்தது. அவள் பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. சுழலாத சக்கரம் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்த வேன் இடப்பக்கம் நகர்ந்து மறைந்தது, ஒரு மருந்துக்கடை வந்தது, அப்புறம் அவர்கள் இறங்கி வந்த மேடே எதிரில் வந்து நின்றது. வண்டி முழுதாகத் திரும்பி, பின் சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றிருந்தது. வேன் ஓட்டியவர் எதையும் பார்க்காமலே போய்விட்டார்.

"ஒண்ணும் ஆகல. நல்லா உக்காருங்க" என்றாள் மனைவி. குரலில் ஒன்றும் தெரியவில்லை. வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் அவரை இறக்கிவிட்டாள். அன்று முழுவதும் கண்ணாடிக்காரரால் ஒரு ஸ்க்ரூகூடத் திருக முடியவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார். "அதான் பிரச்சினையே. நல்லா புடிச்சதால சக்கரம் பூட்டிக்கிச்சு. பூட்டிக்கிச்சுன்னா அப்புறம் அது டயர் இல்ல, சோப்புக் கட்டி."

"அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"முடியும். ஏ.பி.எஸ்.னு ஒரு கருவி இருக்கு. சக்கரம் பூட்டப் போகுதுன்னு தெரிஞ்சா அதுவே விட்டுவிட்டுப் புடிக்கும். பவர் வெச்சதுன்னா இன்னும் விசேஷம், கையால லேசா அழுத்தினா போதும், மிச்சத்த அது அழுத்திக்கும். அக்கா மாதிரி சின்னக் கை இருக்கறவங்களுக்கு ரொம்ப நல்லது."

"அப்ப எல்லா வண்டியிலயும் ஏன் வெக்கல?"

"வெக்கலாமா வேணாமான்னு சபையில பேசிட்டிருக்காங்க."

"எப்பலேர்ந்து?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் இந்தத் தொழிலுக்கு வந்தப்பவே பேசிட்டுதான் இருந்தாங்க" என்றார். அவருக்குத் தலை நரைத்திருந்தது.

மனைவியிடம் சொல்லாமல் கண்ணாடிக்காரர் மறுநாளே சபைக்குப் போனார். அதன் முழுப் பெயர் இருசக்கர வாகன நிறுத்த ஆய்வுச் சபை. வண்டிகளை நிறுத்தும் பிரேக்கைப் பற்றி ஆராய்வதற்காக ஏற்பட்டது. ஆனால் 'வாகன நிறுத்தம்' என்று பலகையில் கண்டதும் அந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் வண்டியை உள்ளே கொண்டுவந்து விட்டுவிட்டு, டோக்கன் கேட்டார்கள். அவர்களை விரட்டுவதிலேயே காவலாளிக்குப் பொழுது போயிற்று. சபையின் வேலைகளில் அன்றாடம் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

உள்ளே செயலாளர் இருந்தார். கண்ணாடிக்காரர் நடந்ததைச் சொன்னார்.

"கீழ விழுந்தீங்களா?"

"விழலைங்க."

"அடி?"

"இல்லைங்க."

"அப்ப பிரேக் வேல செஞ்சிருக்கு."

"சார், இன்னும் ஒரு முழம் போயிருந்தா செத்திருப்போம்."

"செத்தவங்களுக்கு அந்த ஜன்னல்" என்று செயலாளர் மரியாதையாகக் கை காட்டினார். கூடத்தின் மூலையில் 'உயிரிழந்தோர் நேரில் முறையிடுமிடம்' என்று எழுதிய ஜன்னல் இருந்தது. அதற்குள் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் ஒரு பெண், பக்கவாட்டில் தேய்ந்துபோன ஹெல்மெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அது அவள் தம்பியுடையது. உறவினர்களிடமிருந்து புகார் வாங்குவதற்கு விதியில் இடமில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்; ஆனாலும் வருவதை அவள் நிறுத்தவில்லை. கண்ணாடிக்காரர் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

"அது என்ன கால்ல?" என்று ஒரு குரல் கேட்டது. சபைத் தலைவர் தம் அறையிலிருந்து வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"பழக்கமுங்க. பின்னால உக்கார்ந்து உக்கார்ந்து..."

"நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"மாட்டேங்க. பயம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. அவர் கண்ணாடிக்காரரின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். சபை எத்தனையோ ஓட்டுநர்களை விசாரித்துவிட்டதாம். தான் நன்றாக ஓட்டுவதாகவும் மற்றவர்களுக்குத்தான் பிரேக் போடத் தெரியவில்லை என்றும் ஒவ்வொருவரும் சொன்னார்களாம். "பின்னால உக்கார்றவருதாங்க உண்மையான நடுநிலைவாதி. கையில ஆக்ஸிலேட்டரும் இல்ல, பிரேக்கும் இல்ல. சபை மாதிரி" என்றார் தலைவர். அடுத்த அமர்விலேயே கண்ணாடிக்காரர் பின்னிருக்கைச் சாட்சியாக வர வேண்டும் என்று முடிவாயிற்று. புகார் கொடுக்க வந்தவர், புகாரைக் கொடுக்காமலே வீடு திரும்பினார்.

"எங்க போயிருந்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

சொன்னார். அவள் ஊசிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவங்ககிட்ட போய் என்ன ஆகப் போகுது" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "கேட்டா நல்லா அழுத்திச் சொல்லுங்க. சரிவுல எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அமர்வு நாளன்று கூடம் நிறைந்திருந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் வண்டி தயாரிக்கும் கம்பெனியின் பிரதிநிதி, எதிர்ப் பக்கம் வீர ஓட்டுநர் சங்கத்தின் தலைவர். இருவரும் எதிரெதிர்த் தரப்பு என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். இருவருமே கருவி வேண்டாம் என்ற தரப்பு என்பதும், எதிரெதிரே உட்கார்ந்தால்தான் விவாதம் போலத் தெரியும் என்பதற்காக அப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதும் போகப் போகத் தெரிந்தது.

கம்பெனிக்காரர் முதலில் எழுந்தார். "எங்களுக்கு மக்கள் உயிர்தான் முக்கியம். ஆனா இந்தக் கருவிய வெச்சா வண்டி எடை கூடும். எடை கூடினா மைலேஜ் குறையும். மைலேஜ் குறைஞ்சா மக்கள் மனசு உடைஞ்சு போகும். மனசு உடையறது எலும்பு உடையறத விட மோசம். எலும்பு கூடிடும். தவிர, எந்த வாடிக்கையாளரும் எங்ககிட்ட பிரேக் கேட்டு வரல. எல்லாரும் கேக்கறது கலர்."

சங்கத் தலைவர் தோல் சட்டை போட்டிருந்தார். எழுந்திருக்க அவருக்கு இருவர் உதவினார்கள். "பிரேக் வண்டியில இல்ல, நெஞ்சுல இருக்கு" என்று அவர் தொடங்கினார். "நான் ஓட்டாத ரோடு இல்ல. என் உடம்புல எத்தன எடத்துல கம்பி வெச்சிருக்குன்னு எக்ஸ்ரே எடுக்கறவருக்குத்தான் தெரியும். ஒரு தடவையாவது நான் பிரேக்க குறை சொல்லியிருக்கேனா? பவர் வெச்சு அழுத்தறதாம். கை எதுக்கு இருக்கு? நாளைக்கு விழறதுக்கும் பவர் கேப்பாங்க."

கைதட்டல் அடங்கியதும் சபைத் தலைவர் பேசினார். "ரெண்டு தரப்பையும் கேட்டுட்டோம். மூணாவது தரப்புக்கு இடம் கொடுக்கலன்னு யாரும் சொல்லிடக் கூடாது. வழுக்கி விழுந்து இறந்துபோன ஒவ்வொருத்தர் பேருக்கும் முறைப்படி அழைப்பு அனுப்பியிருக்கோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட வந்து ஆட்சேபம் சொல்லல. சபை அவங்க மௌனத்தையும் மதிக்குது."

பிறகு கண்ணாடிக்காரரின் முறை வந்தது. அவரை எழுப்பி நிறுத்தினார்கள். சரிவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். வேன் வந்ததைச் சொன்னார். மருந்துக்கடை வந்ததைச் சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. கால் மட்டும் மேசைக்கடியில் மிதித்துக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா" என்றார் தலைவர், சபையைப் பார்த்து, மிகுந்த மனநிறைவோடு. "எவ்வளவு பயம். இப்பேர்ப்பட்ட பயம் உள்ள ஒருத்தர் பின்னால உக்கார்ந்திருந்தா ஓட்டறவங்க வேகமா போவாங்களா? இந்தக் கருவிய மாட்டினா முதல்ல போறது பயம். பயம் போனா வேகம் வரும். வேகம் வந்தா உயிர் போகும். அப்ப உயிரக் காப்பாத்தறது எது? பயம்."

"பயந்துகிட்டுதாங்க போனோம். அப்பவும் வழுக்கிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"போதுமான அளவு பயப்படல" என்று செயலாளர் அதைத் திருத்தி எழுதிக்கொண்டார்.

சொல்லை மட்டும் நம்புவது முறையல்ல என்பதால், அடுத்தது நேரடிச் சோதனை. சபையின் பின்முற்றத்தில் வழவழப்பான ஓடுகள் பதித்திருந்தார்கள். அதன்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றப்பட்டது. முற்றத்தின் முடிவில் சுவர். சங்கத் தலைவர் தாமே ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. முற்றத்தைப் பார்த்ததும் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஆகவே சபைத் தலைவரின் கார் ஓட்டுநரை ஓட்டச் சொன்னார்கள், பின்னால் கண்ணாடிக்காரர்.

இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் கருவி இருந்தது, இன்னொன்றில் இல்லை. முதலில் இல்லாத வண்டி, அடுத்து இருக்கும் வண்டி, இரண்டும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது என்றுதான் கண்ணாடிக்காரருக்குச் சொல்லியிருந்தார்கள். செயலாளர் திடீரென்று விதிப்புத்தகத்தைத் திறந்தார். சபை அனுமதிக்காத கருவியைச் சபை வளாகத்தில் இயக்கக் கூடாது என்று இருந்தது. கருவியைச் சோதிக்காமல் அனுமதிக்கவும் முடியாது.

தலைவர் சற்று யோசித்தார். "அப்ப ரெண்டு தடவையும் கருவி இல்லாத வண்டியிலயே போங்க. ரெண்டாவது தடவ மட்டும், கருவி இருக்கறதா நெனச்சுக்கிட்டு ஓட்டுங்க."

கார் ஓட்டுநர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்காரர் ஏறி அவர் இடுப்பைப் பிடித்ததும், அந்த உடம்பு நடுங்குவதை உணர்ந்தார். இத்தனை காலமும் முன்னால் இருப்பவருக்குப் பயம் கிடையாது என்றே அவர் நம்பியிருந்தார்.

"அண்ணே, எனக்கு ரெண்டு சக்கரம் ஓட்டி ரொம்ப நாளாச்சு" என்று கார் ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார். "முடியாதுன்னு சொல்ல முடியாது. நீங்க இறங்கிடுங்க. உங்களுக்கென்ன, வேலையா போகப் போகுது?"

கண்ணாடிக்காரர் இறங்கத்தான் நினைத்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வண்டி கிளம்பியது. சுவர் பெரிதாகிக்கொண்டு வந்தது. கார் ஓட்டுநர் பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரருக்குத் தெரிந்த சத்தம்தான் அது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வழுக்குவதற்குச் சத்தம் கிடையாது. வண்டி படுத்தது. இருவரும் தனித்தனியாக ஓடுகளின்மேல் இழுபட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் சுவரில் முதுகு முட்டி நின்றார். பக்கத்தில் கார் ஓட்டுநர் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார். அவருடைய முழங்கையிலிருந்து ரத்தம் சோப்பு நுரையில் கலந்து இளஞ்சிவப்பாகப் பரவியது.

"நின்னுடுச்சு. முதல் சோதனையில் வண்டி நின்றது" என்று செயலாளர் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

இரண்டாவது முறை கார் ஓட்டுநருக்குக் கை வலுவாகப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரர் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். கருவி இருப்பதாக நினைக்க அவரும் முயன்றார், நினைப்பு ஓடவில்லை. விசில் ஊதினார்கள். வண்டி நடக்கும் வேகத்தில், இருவரின் நான்கு கால்களும் தரையைத் தேய்க்க, ஊர்ந்து போய், சுவருக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றது.

கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கருவி இல்ல. ஆனா கருவி இருந்தா எப்படி நிக்குமோ, அதவிட நல்லா நின்னிருக்கு" என்றார். "எதனால? முதல் தடவ விழுந்ததுனால வந்த பயத்துனால. இத்தன வருஷமா நாம தேடினது இங்கேயே இருந்திருக்கு."

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. அவசரப்படாத சபை அப்படி விரைந்து முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை. போதிய பயம், பவர் வைத்த ஏ.பி.எஸ். கருவிக்குச் சமம். ஆகவே கருவி கட்டாயமில்லை. எல்லா வண்டிகளின் பெட்ரோல் டேங்கிலும் 'பயத்துடன் ஓட்டவும்' என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண்ணாடிக்காரர் நிரந்தரப் பின்னிருக்கைச் சாட்சியாக நியமிக்கப்படுகிறார். ஆண்டுதோறும் நேரில் வந்து பயத்தைக் காட்டிப்போக வேண்டும்.

"ஒரு வருஷம் என்னால வர முடியாம போச்சுன்னா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"ஆட்சேபம் இல்லன்னு எடுத்துக்குவோம்" என்றார் செயலாளர்.

மூலை ஜன்னல் எதிரே அந்தப் பெண் உட்கார்ந்தே இருந்தாள். முற்றத்திலிருந்து முழங்காலில் ரத்தத்தோடு வந்த கண்ணாடிக்காரரைப் பார்த்து, "வெக்கச் சொல்லிட்டாங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் ஹெல்மெட்டைக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி வாசலில் வண்டியோடு நின்றாள். மழை பிடித்திருந்தது. கணவரின் கோலத்தைப் பார்த்ததும் அவளுடைய முகம் மாறியது. பெட்டியைத் திறந்து பஞ்செடுத்து முழங்காலைத் துடைத்துக் கட்டுப்போட்டாள். அதற்குள் சபை ஊழியர் ஒருவர் ஓடிவந்து முதல் ஸ்டிக்கரை அவர்கள் டேங்கில் ஒட்டிவிட்டுப் போனார். அவள் அதைப் படித்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

தண்ணீர்த் தொட்டி மேட்டின் உச்சிக்கு வந்தபோது அவள் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள். கீழே கடைத்தெருவுக்கு இறங்கும் சரிவு பளபளத்தது. மழைத் தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பெட்ரோல் தீந்துடுச்சா?"

அவள் கைப்பிடியை விட்டுக் கைகளை எடுத்து அவர் பக்கம் நீட்டிக் காட்டினாள். தினமும் எத்தனையோ பேருடைய நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றும் விரல்கள். காற்றில் இலை ஆடுவதைப் போல ஆடிக்கொண்டிருந்தன.

"எனக்கு இந்த எடம் வந்தாலே இப்படித்தான்" என்றாள். "அன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும். உங்களுக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சுட்டிருந்தீங்களா?"

"நீ சொன்னதே இல்லையே."

"சொல்லிட்டு எப்படி ஓட்டறது? நீங்க பின்னால நடுங்குவீங்க, நான் முன்னால நடுங்குவேன், வண்டி யாரு ஓட்டுவா?"

சபை கைதட்டிக் கொண்டாடிய பயம் இவளிடம் இத்தனை வருடங்களாக இருந்திருக்கிறது. ஒரு முறைகூட அது அவர்களை நிறுத்தியதில்லை. அவர் இறங்கினார். அவளும் இறங்கினாள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்பக்கக் கம்பியைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டார். இருவருமாக வண்டியைச் சரிவில் நடத்திக்கொண்டு இறங்கினார்கள். வண்டி கனமாகக் கீழே இழுத்தது. செருப்பு வழுக்கியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்கள்.

பாதிச் சரிவில் ஒரு கார் அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவானது. கண்ணாடி இறங்கியது. உள்ளே தலைவர் இருந்தார். முழங்கையில் கட்டோடு கார் ஓட்டுநர் நேரே பார்த்தபடி இருந்தார்.

"அடடே, நம்ம சாட்சி" என்றார் தலைவர். "என்னம்மா, வண்டி ஓடலையா?"

"ஓடும் சார்" என்றாள் அவள். "நிக்காது."

தலைவர் சிரித்தார். "நல்லது, நல்லது. இப்படித்தான் பயத்தோட இருக்கணும்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் அவர்களைத் தாண்டி இறங்கியது. அடுத்த சந்திலிருந்து ஒரு சரக்கு வேன் பின்பக்கமாகவே வெளியே வந்தது. காரின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடித்தன; கார் இப்படி அப்படி அசையவில்லை. ஈரச் சரிவில் நேராக, மெத்தென்று, வேனுக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. உள்ளே இருந்தவர் கையிலிருந்த பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி அவர்களைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தது.

"விட்டுடாதீங்க" என்றாள் அவள்.

"இல்ல, புடிச்சிருக்கேன்" என்றார் அவர். ஆனால் கம்பி மழையில் நனைந்திருந்தது, அவருக்குக் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது.